ஏசியைப் பற்றி மட்டும் கதைத்த நாட்கள்

என் கணவரின் முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி முடிந்து, வந்த சனமெல்லாம் திரும்பிப் போன பிறகு, அவர் படுக்கையில் கிடந்த அறையின் ஏசி குளிராமல் போனது. எந்த நாளில் இருந்து குளிரவில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் அந்த அறையில்தான் படுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நாட்களில் சூடும் குளிரும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. என் கணவரின் தங்கை எனக்குத் துணையாக நிற்பதற்குப் புத்தூரில் இருந்து வந்திருந்தாள். நாங்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். அவள் ஒருநாள் மத்தியானம் அறைக்குள் வந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "மச்சாள், இதுக்குள்ளை எப்பிடிப் படுக்கிறியள்? அவியுது" என்று சொன்னாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வந்தது வெறும் காற்று.

அந்த ஏசியைப் பூட்டியது எங்கள் மகன். எங்களுக்கு அவன் ஒரே பிள்ளை. யாழ்ப்பாணத்தில் ஏசி பூட்டுகிற வேலைதான் அவன் செய்துகொண்டிருந்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் பெரிய வீடுகளைக் கட்டி வைத்திருப்பார்கள். விடுமுறைக்கு வரும்போது மட்டும் ஓடுகிற அந்த வீட்டு ஏசிகளைப் பூட்டுவதும் கழுவுவதும் அவனுடைய வேலை. அவனுடைய அப்பா லொறி ஓட்டியவர். சண்டிலிப்பாயில் இருந்து வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார். ஒருநாள் லொறிக் கதவைத் திறக்கப் போனவருக்குக் கை எழும்பவில்லை. பாரிசவாதம் என்றார்கள். ஒரு பக்கம் முழுதாக விழுந்துவிட்டது. முதுகு வேர்த்தால் படுக்கைப்புண் வரும், அறையைக் குளிராக வைத்திருங்கள் என்று டொக்டர் சொன்னார். மகன் ஒரு வீட்டில் கழற்றிப் போட்டிருந்த பழைய ஏசியைக் கேட்டு வாங்கி வந்து, தானே சுவரில் துளை போட்டுப் பூட்டினான். காற்று வருகிற பெட்டி கட்டிலுக்கு மேலே. மற்றப் பெரிய பெட்டி வெளியே, பக்கச் சுவரோடு ஒரு சீமெந்துத் திட்டில். அதைப் பூட்டிய அடுத்த வருடம் அவன் கனடாவுக்குப் போனான்.

அங்கே அவனுடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. முடியும்வரை அந்த நாட்டை விட்டு வெளியே வர ஏலாது. அதனால் அப்பாவின் செத்தவீட்டுக்கு அவன் வரவில்லை. மகன் முறையான பெறாமகன் ஒருவன் கொள்ளி வைத்தான்.

நான் அழவில்லை. பெண்கள் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்களுடைய கண்ணீர் என் தோளில் ஈரமாக இருந்தது. நான் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், யாருக்குத் தேத்தண்ணி போனது, யாருக்குப் போகவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "பாவம், விறைச்சுப் போய் இருக்கிறா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது இன்னொருவருடைய கன்னம் போல இருக்கும். எனக்கு முழு உடம்பும் அப்படித்தான் இருந்தது. வலி இல்லை. அவ்வளவுதான்.

மகன் ஒவ்வொரு நாளும் காலையில் போனில் வீடியோ கோல் எடுப்பான். அங்கே அப்போது இரவு. அவன் உறைய வைத்த சாப்பாட்டுப் பெட்டிகளை அடுக்குகிற பெரிய குளிர்க் களஞ்சியத்தில் வேலை செய்கிறான். ஏசி வேலைக்கு அங்கே வேறு அனுமதி வேண்டுமாம். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எடுப்பான்.

"சாப்பிட்டியளே?"

"ஓம். நீ?"

"ஓம்."

அதற்குப் பிறகு கதைக்க ஒன்றும் இருக்காது. அவன் அப்பாவைப் பற்றிக் கேட்க மாட்டான். நானும் சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு இருப்போம். அவனுக்குப் பின்னால் கார்கள் போகும். பிறகு "சரி அம்மா, வைக்கிறன்" என்பான்.

மச்சாள் அவிகிறது என்று சொன்ன அடுத்த காலை, வேறு ஒன்றும் சொல்ல இல்லாததால், "அறை ஏசி குளிருதில்லையாம்" என்றேன்.

அவன் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தான். "எப்ப இருந்து?"

"தெரியாது."

"காத்து வருதே?"

"வருது."

"ரிமோட்டை எடுத்துக் காட்டுங்கோ. ஆ, பாருங்கோ, பங்கா மாதிரி ஒரு அடையாளம் நிக்குது. அது வெறும் காத்து. பனிப்பூ மாதிரி ஒண்டு வரும்வரைக்கும் அந்தப் பட்டனை அமத்துங்கோ."

செத்தவீட்டுக்கு வந்த பிள்ளைகள் யாரோ ரிமோட்டை வைத்து விளையாடியிருக்க வேண்டும். நான் அமத்தினேன். பனிப்பூ வந்தது. வெளியே பெரிய பெட்டி உறுமுகிற சத்தம் கேட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம்.

சரியாகவில்லை. அடுத்த நாள் காற்றே குறைந்துவிட்டது. மகனுக்குச் சொன்னேன். முன் மூடியைத் திறந்து காட்டச் சொன்னான். நான் கதிரையை இழுத்தேன்.

"பொறுங்கோ, பொறுங்கோ. முதல்லை ரிமோட்டிலை நிப்பாட்டுங்கோ. அந்தத் தட்டு தானா மூடட்டும். பேந்து சுவரிலை இருக்கிற சுவிச்சையும் நிப்பாட்டுங்கோ. அதுக்குப் பிறகுதான் ஏறுறது. மாமியைக் கதிரையைப் பிடிக்கச் சொல்லுங்கோ."

மச்சாள் கதிரையைப் பிடித்தாள். மூடியைத் தூக்கினேன். உள்ளே இருந்த வலை சிவப்பாக இருந்தது. எங்கள் பக்கம் செம்மண். சோளகக் காற்று தொடங்கினால் தோட்டத்துப் புழுதி எல்லாம் வீட்டுக்குள் வரும். அதோடு செத்தவீட்டில் எரித்த சாம்பிராணியும் ஊதுபத்தியும் சேர்ந்து, அந்த வலை ஒரு கம்பளித் துண்டு போல இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த தகட்டில் வெள்ளையாக ஐஸ் பிடித்திருந்தது.

"ஐஸ் கட்டியிருக்குதடா" என்றேன்.

"காத்துப் போக வழியில்லாட்டி அப்பிடித்தான் கட்டும். கத்தியாலை சுரண்டாதேங்கோ அம்மா. சுடுதண்ணி ஊத்தாதேங்கோ. அந்தத் தகடு கையை வெட்டும், தொடாதேங்கோ. நிப்பாட்டின படியே விடுங்கோ, தானா உருகட்டும். வலையை மட்டும் கழட்டிப் பச்சைத் தண்ணியிலை கழுவுங்கோ. தேய்க்க வேண்டாம். நிழல்லை காய வையுங்கோ. ஈரத்தோடை போட்டால் பூஞ்சணம் பிடிக்கும்."

இவ்வளவையும் அவன் மூச்சு விடாமல் சொன்னான். செத்தவீட்டுக்குப் பிறகு அவன் இவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான். நான் கிணற்றடியில் இருந்து வலையைக் கழுவினேன். சிவப்புத் தண்ணி வாழைப் பாத்திக்குப் போனது. மச்சாள் பக்கத்தில் நின்று அழுதாள். அண்ணை இந்தக் காற்றைத்தானே சுவாசித்தவர் என்றாள். நான் வலையைத் திருப்பி மற்றப் பக்கத்தையும் கழுவினேன்.

அந்த நாட்களில் அப்படித்தான் ஒரு பழக்கம் வந்தது. காலையில் மகன் எடுப்பான். சாப்பிட்டியளே என்று கேட்ட உடனே, "இப்ப எப்பிடி ஓடுது?" என்று கேட்பான். நான் போனைக் கொண்டுபோய்க் காட்டுவேன். அவன் சத்தத்தைக் கேட்பான். கதவு யன்னல் மூடியிருக்கிறதா, ரிமோட் பற்றரி மாற்றி எவ்வளவு காலம், சாயந்தரத்தில் கரண்ட் குறைந்து லைற் மங்குகிறதா என்றெல்லாம் கேட்பான். மங்கினால் ஏசியை நிப்பாட்டிவிடச் சொன்னான். கரண்ட் போய் வந்தால் உடனே போடாமல் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னான். ஏசிக்குள் இருக்கிற காஸ் முடிந்திருக்கும், திரும்ப அடிக்க வேண்டும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னேன். "ஏசியிலை காஸ் தானா முடியிறதில்லை. குறைஞ்சால் எங்கையோ ஒழுகுது எண்டு அர்த்தம். அதைக் கண்டபடி ஆக்கள் தொடக்கூடாது" என்றான். கோபப்படுகிற மாதிரி இருந்தது. ஆனால் அது கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்த விஷயம் அது. அதைப் பற்றிக் கதைக்கும்போது அவனுடைய குரல் ஊரில் இருந்த காலத்துக் குரலாக இருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னபடி செய்தேன். செய்ததில் எனக்கு மகிழ்ச்சியும் இல்லை, சலிப்பும் இல்லை. சொன்னால் செய்வேன். சொல்லாவிட்டால் கட்டிலின் ஓரத்தில் இருப்பேன். நான் கீழே பாயில்தான் படுப்பேன், கட்டிலில் மெத்தை அப்படியே கிடந்தது. அவர் கிடந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது.

ஐஸ் எல்லாம் உருகி, வலையும் காய்ந்து, திரும்பப் பூட்டி ஓடவிட்ட பிறகு, அந்த மெத்தையில் தண்ணி சொட்டத் தொடங்கியது. உள்பெட்டியின் ஒரு மூலையில் இருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. மச்சாள் ஒரு வாளியைக் கொண்டுவந்து பள்ளத்தில் வைத்தாள். மகன் பார்த்துவிட்டு, "தண்ணி வெளியிலை போற பைப் அடைச்சிருக்கு. நிப்பாட்டிப்போட்டு வெளியிலை போய்ப் பாருங்கோ" என்றான்.

சுவிச்சை நிப்பாட்டிவிட்டு வீட்டைச் சுற்றிப் போனேன். வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் மெல்லிய வெள்ளைப் பைப் தொங்கியது. அதன் வாயில் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. உள்ளே குளவி இருக்கிறதா என்று முதலில் தடியால் தட்டிப் பார்க்கச் சொன்னான். இல்லை. ஈர்க்கு ஒன்றை முறித்து மண்ணைக் குத்தி எடுத்தேன். வாயால் ஊத வேண்டாம் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தண்ணி பெருகி என் காலில் விழுந்தது. மஞ்சளாக, சளி போல ஏதோ அதோடு வந்தது. பிறகு தெளிந்த தண்ணியாக வந்தது.

"வந்திட்டுது" என்றேன்.

"வந்திட்டுதே?" என்று அவன் சிரித்தான். சிரித்துவிட்டு உடனே நிறுத்தினான். சிரித்திருக்கக் கூடாது என்று நினைத்தான் போல.

திரும்ப ஏசியைப் போட்டேன். தண்ணி ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க மறுபடி வெளியே வந்தேன். அந்த இடம் சேறாகிவிட்டதால் இந்த முறை றப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். குனிந்து பைப்பைப் பார்க்கும்போது பிடிமானத்துக்கு வெளிப்பெட்டியின் தகட்டில் கையை வைத்தேன். கை விறுவிறுத்தது. தோலுக்குக் கீழே எறும்புகள் முழங்கைவரை ஓடுகிற மாதிரி இருந்தது. கையை எடுத்தேன். நின்றது. திரும்ப வைத்தேன். திரும்பவும் விறுவிறுத்தது. பெட்டி ஓடும்போது நடுங்குகிறதுதானே, அதுதான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படிக்கூட நினைக்கவில்லை. ஒன்றும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் ஒருக்கால் அங்கே போய்த் தண்ணி சொட்டுகிறதா என்று பார்த்தேன். போகும்போதெல்லாம் தகட்டில் கையை வைத்தேன். அது நோகவில்லை. இனித்ததும் இல்லை. வேறு எதைத் தொட்டாலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இதைத் தொட்டால் தெரிந்தது. அதனால் தொட்டேன். அதை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு காலையில் மகன், "அம்மா, அறையை விட வெளிப்பெட்டிதான் எனக்கு யோசினை. சோளகத்துப் புழுதி பின்பக்கத்துத் தகட்டிலை அடைச்சிருக்கும். போனைக் கொண்டு போய் அதை எனக்குக் காட்டுங்கோ. கழுவ வேணுமெண்டால் பேந்து நிப்பாட்டிப்போட்டுச் செய்வம்" என்றான்.

மச்சாளுக்குக் கழுவ வேணும் என்ற சொல் மட்டும் கேட்டிருக்கிறது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிப்பெட்டிக்குப் போனேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் போனை நுழைத்துப் பின்பக்கத்தைக் காட்டுவதற்கு, மற்றக் கையைப் பெட்டியின் மேல் ஊன்றினேன்.

"என்னம்மா, படம் ஆடுது. கை நடுங்குதே?"

"நடுங்கேல்லை. இதைத் தொட்டால் விறுவிறுக்கும். அதுதான்."

"என்ன?"

"விறுவிறுக்கும். கொஞ்ச நாளா இருக்கு."

அவனுடைய முகம் போனுக்குக் கிட்ட வந்தது. பிறகு கத்தினான்.

"கையை எடுங்கோ! அம்மா, கையை எடுங்கோ! தள்ளி நில்லுங்கோ! தொடாதேங்கோ!"

கையை எடுத்தேன். பின்னுக்கு வந்தேன். அப்போதுதான் மச்சாளைக் கண்டேன். அவள் வாளி நிறையத் தண்ணியோடு சுவர் மூலையால் திரும்பி வந்தாள். காலில் செருப்பு இல்லை. கைகள் இரண்டும் ஈரம். சேற்றுக்குள் காலை வைத்து, வாளியைப் பெட்டியின் மேல் வைப்பதற்குத் தூக்கினாள்.

"வேண்டாம்!" என்று நான் கத்தினேன்.

அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டில் தண்ணி இறைக்கிற மோட்டரை நிப்பாட்டிவிட்டு ஆட்கள் வேலிக்கு வந்தார்கள். மச்சாள் பயந்து வாளியைக் கீழே போட்டுவிட்டாள். தண்ணி சேற்றில் ஊற்றுப்பட்டது. அவள் பாம்பு என்று நினைத்துத் துள்ளிப் பின்னுக்கு ஓடினாள்.

போனுக்குள் மகன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். "மாமியைத் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ! ஈரத்துக்குள்ளை ஒருத்தரும் போக வேண்டாம்! வீட்டுக்குள்ளை போங்கோ. கை காய்ஞ்சிருக்கே? துடையுங்கோ. செருப்போடை நிண்டு மெயின் சுவிச்சை நிப்பாட்டுங்கோ. ஏசி சுவிச் காணாது. மெயின்!"

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மெயின் சுவிச்சை நிப்பாட்டினேன். பங்கா நின்றது. குளிர்சாதனப்பெட்டியின் சத்தம் நின்றது. பக்கச் சுவரில் வெளிப்பெட்டி ஒருமுறை இழுத்து நின்றது. வீடு முழுவதும் சத்தம் இல்லை.

"நிப்பாட்டிட்டன்" என்றேன்.

போனைப் பார்த்தேன். படத்தில் அவனுடைய முகம் இல்லை. பஸ் தரிப்பிடத்தின் கூரை மட்டும் தெரிந்தது. அவன் போனை மடியில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தான். பிள்ளையாக இருந்த காலத்தில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டு வந்து அழுவானே, அதே சத்தம்.

"அப்பாவுக்கும் வர ஏலாமப் போச்சு" என்றான். "உங்களுக்கும் நான் இஞ்சை இருந்து போனிலை பாக்கிறதே அம்மா? சொல்லுங்கோ, உங்களுக்கும் அப்பிடியே?"

ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. "செருப்புப் போட்டிருந்தனான் தம்பி" என்றேன்.

அதைக் கேட்டு அவன் இன்னும் அழுதான். அவனுடைய பஸ் வந்து போகிற சத்தம் கேட்டது. அவன் ஏறவில்லை.

ஏசியை விடு, வீட்டுக் கரண்ட் எதையும் தன் நண்பன் வந்து பார்க்கும்வரை போடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனை வைத்தான். மச்சாளும் நானும் குசினி வாசலில் இருந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தோம். அவளுக்கு இப்போதுதான் நடந்தது விளங்கத் தொடங்கியது.

"உங்களுக்கு என்ன விசரே மச்சாள்? கரண்ட் பிடிக்குது எண்டு தெரிஞ்சால் சொல்ல மாட்டியளே?"

"பெரிசா இல்லை. விறுவிறு எண்டுதான் இருந்தது."

"விறுவிறு எண்டு இருந்ததாம்." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என் கையை இழுத்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அவள் கையை விடவில்லை. விசிறி கீழே விழுந்து கிடந்தது. "அண்ணை போயிட்டார். இனி நீங்களும் போனால் அந்தப் பெடியன் ஆரோடை கதைக்கிறது?" என்று கேட்டாள். நான் அவளுடைய சேறு காயாத காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாளியைத் தூக்கிய விதம் திரும்பத் திரும்பக் கண்ணுக்கு முன்னால் வந்தது. எனக்கு ஏதாவது நடந்திருக்கும் என்பது என்னைத் தொடவில்லை. அவளுக்கு நடந்திருக்கும் என்பது நெஞ்சுக்குள் எங்கேயோ போய் இருந்தது.

"மச்சாள், நீர் உள்ளை போய்ப் படும்" என்றேன். அவள் போகவில்லை.

மகனோடு முந்தி வேலை செய்த நண்பன் நெல்லியடியில் இருந்து பின்னேரம் மோட்டார்சைக்கிளில் வந்தான். செத்தவீட்டுக்கும் வந்து வேலை செய்தவன். நிறையக் கதைப்பான். பந்தலைப் பற்றி, பெற்றோலைப் பற்றி, தன் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டே சுவிச் பலகையைப் பார்த்தான். மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில் உள்ள ட்ரிப் சுவிச்சில் ஒரு சின்னப் பட்டன் இருந்தது. மெயினைக் கொஞ்ச நேரம் போட்டு அதை அமத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. அவன் கதைப்பதை நிறுத்திவிட்டான்.

"அன்ரி, இது விழ வேணும். கரண்ட் ஆளிலை பிடிச்சால் இதுதான் விழுத்தி நிப்பாட்டுறது. இது இறுகிப் போச்சு. இந்தப் பட்டனை மாசத்துக்கு ஒருக்கால் அமத்திப் பாக்கவேணும்."

திரும்ப மெயினை நிப்பாட்டி, அதன் மேல் ஒரு கடதாசியை ஒட்டி, ஒருவரும் போட வேண்டாம் என்று எழுதிவிட்டு வெளியே போனான். மகன் அவனுடைய போனில் இருந்தான். அங்கே விடிந்திருந்தது. நித்திரை கொள்ளவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நண்பன் வெளிப்பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே நிப்பாட்டிய பிறகும் கரண்ட் தேங்கி நிற்கிற ஒரு உருளை இருக்கிறது, அதனால்தான் மற்றவர்கள் இதைத் திறக்கக் கூடாது என்று சொல்லி என்னையும் மச்சாளையும் தள்ளி நிற்கச் சொன்னான். ஒரு வயரை இழுத்துக் காட்டினான். அணில் கடித்து, செம்பு வெளியே தெரிந்தது. அது தகட்டில் முட்டிக்கொண்டிருந்தது.

"இது முட்டினாலும் ஆளுக்குப் பிடிக்கக்கூடாது மச்சான்" என்று அவன் போனைப் பார்த்துச் சொன்னான். "நீ எர்த் அடிச்சனிதானே?"

"அடிச்சனான். சுவரோடை, மாதுளைக்குப் பக்கத்திலை. பச்சை வயர்."

நண்பன் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே போனான். சுவரோடு கீழே இறங்கி மண்ணுக்குள் போனது. மண்ணைக் கையால் விறாண்டினான். ஒரு சாண் தூரத்தில் வயர் முடிந்துவிட்டது. வெட்டுப்பட்ட நுனி பளபளவென்று இருந்தது. அதற்கு அப்பால் மண் பொலுபொலுவென்று, புதிதாக மூடிய குழியாக இருந்தது.

அதைப் பார்த்த உடனே எனக்கு விளங்கியது. செத்தவீட்டன்று பந்தல் போட்டபோது, பக்கச் சுவரோடு ஒரு பந்தல்கால் நட்டார்கள். இரும்பு அலவாங்கால் அவசரமாகக் குழி கிண்டினார்கள். அப்போது கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற அந்த வயர் வெட்டுப்பட்டிருக்கிறது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

"ஆர் அம்மா கிண்டினது?" என்று மகன் கேட்டான்.

"தெரியாது. எல்லாரும்தான் நிண்டவை."

நண்பன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அன்றைக்கு நின்றவன். மகன் அதைக் கண்டிருக்க வேண்டும். "பரவாயில்லை" என்றான். "அவை வந்து செய்ததே பெரிய விஷயம். புது எர்த் அடி மச்சான். பந்தல்கால் நடாத பக்கமாப் பாத்து அடி."

அடுத்த நாள் நண்பன் சாமான்களோடு வந்து கடிபட்ட வயரை மாற்றினான். அதைத் தகரக் குழாய்க்குள் விட்டான். புதிய எர்த் கம்பியை வீட்டின் பின்பக்கத்தில் அடித்து, வயரைக் குழாய்க்குள் போட்டுப் புதைத்தான். ட்ரிப் சுவிச்சைப் புதிதாகப் போட்டான். பட்டனை அமத்தினான். படக்கென்று விழுந்து வீடு முழுவதும் நின்றது. மச்சாள் கைதட்டினாள். என்னையும் அமத்திப் பார்க்கச் சொன்னான். நான் அமத்தினேன். விழுந்தது.

மச்சாளுக்குப் புத்தூரில் தோட்டம் இருக்கிறது. வெங்காயம் கிண்டுகிற நேரம். அந்தக் கிழமையே போய்விட்டாள். போகமுன் பள்ளம் விழுந்த மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டி, மறுபக்கம் திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். பிறகு அதில் படுத்தேன். சாதாரண மெத்தையாகத்தான் இருந்தது.

அவள் போன பிறகு வந்த ஒரு காலையில் மகன் எடுத்தான். ஏசி எப்படி ஓடுகிறது என்று கேட்டான். நல்லாக ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை என்றேன். அதோடு கதை முடிந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் விளக்கு மட்டும் எரிகிற ஒரு வெறும் தெரு தெரிந்தது. அவன் வைக்கிறன் என்று சொல்வான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா."

"என்ன?"

"அந்தக் கிழமை எனக்கு விடிய விடிய வேலை, செத்தவீடு அண்டைக்கும் லீவு தரேல்லை. சாப்பாட்டு நேரத்திலை உடுப்பு மாத்துற அறைக்குள்ளை இருந்து போனிலை பாத்தனான். அப்பாவைத் தூக்கேக்கை படம் நிண்டிட்டுது. பந்தலின்ரை வெள்ளைச் சீலை மட்டும் தெரிஞ்சுது. அதையே பாத்துக்கொண்டு இருந்தனான். பேந்து மணி அடிச்சிட்டுது, உள்ளை போயிட்டன்." கொஞ்சம் பொறுத்து, "அப்பா எப்பிடி அம்மா...? நான் உங்களைக் கேக்கவே இல்லை" என்றான்.

நான் கட்டிலில் இருந்தேன். சொன்னேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று யோசிக்கவில்லை, நடந்த ஒழுங்கில் சொன்னேன். காலையில் வழமை போல முகம் துடைத்தேன். அரை ரம்ளர் தேத்தண்ணி கரண்டியால் குடித்தார். லொறிச் சத்தம் ஒன்று றோட்டில் போனது, அதைக் கேட்டுக் கண்ணைத் திருப்பினார். முதுகு துடைப்பதற்காக அவரை என் பக்கம் சரித்தேன். நல்ல கையால் என் தோளைப் பிடித்தார், எப்போதும் பிடிப்பவர்தான். முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டேன். ஒரு புண்ணும் இல்லை, உன் ஏசியால்தான், முதுகு பிள்ளை முதுகு போல இருந்தது. திரும்ப மல்லாத்தும்போது தோளைப் பிடித்த கை கழன்று விழுந்தது. நித்திரையாகிவிட்டார் என்று நினைத்துப் போர்வையை இழுத்து விட்டேன். பாத்திரத்துத் தண்ணியை ஊற்றிவிட்டு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

"நோகேல்லையே?"

"இல்லை தம்பி. நோகேல்லை."

"ஒரு புண்ணும் இல்லையே?"

"ஒண்டும் இல்லை."

அவன் தலையாட்டினான். இன்னொரு முறை முழுதாகச் சொல்லச் சொன்னான். நான் முதலில் இருந்து சொன்னேன். தேத்தண்ணி, லொறிச் சத்தம், தோள். சொல்லும்போது என் குரல் ஓரிடத்தில் நின்றது. தண்ணி குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னேன்.

பிறகு பஸ் வந்துவிட்டது என்றான்.

"ஓம், ஏறு" என்றேன். "போய்ச் சாப்பிட்டிட்டுப் படு."